பாரிஸில் சின்ன மியூசியங்கள்: லூவ்ரை விட்டுவிட்டு இவற்றுக்குப் போகலாமா?

கயல்_மதுரை:

எல்லாருக்கும் வணக்கம். மே மாதம் அம்மாவோடு பாரிஸ் வருகிறேன். ஞாயிறு இரவு இறங்கி, வெள்ளி காலை ரயிலில் கிளம்புகிறோம். அம்மா மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டு வலி இருக்கிறது. மெதுவாக நடப்பார், ஆனால் வரிசையில் மணிக்கணக்காக நிற்க முடியாது. கூட்டத்தில் இடிபட்டு மோனாலிசாவை எட்டிப் பார்ப்பதில் அவருக்கு விருப்பமே இல்லை. “யாராவது வாழ்ந்த வீடு, வேலை பார்த்த இடம்னா கூட்டிட்டுப் போ” என்கிறார்.

சின்ன மியூசியங்களாகத் தேடினால் ஒரே பட்டியல்தான் எல்லா இடத்திலும் திரும்பத் திரும்ப வருகிறது. போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். எங்கே நின்று நிதானமாகப் பார்க்க ஏதாவது இருக்கிறது? எங்களுக்குப் பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது.

லாசப்பல்_அக்கா:

தங்கச்சி, நான் பாரிஸில தமிழாக்கள் கூட இருக்கிற லா சப்பலில கனகாலமா இருக்கிறன். ஊரில இருந்து சொந்தக்காரர் வந்தா இஞ்ச எங்கட ஆக்கள் ஐஃபில் கோபுரத்தையும் லூவ்ரையும் காட்டிப்போட்டு வந்திடுவினம். உங்கட அம்மா கேக்கிறது சரியான கேள்வி.

முதல்ல நாளைப் பாருங்கோ. பாரிஸ் நகரசபை நடத்துற மியூசியங்கள் திங்கக்கிழமை பூட்டு. எழுத்தாளர்கள் பால்சாக், விக்டர் ஹியூகோ வீடுகள், சிற்பிகள் பூர்தெல், ஸட்கின் பட்டறைகள் எல்லாம் அந்தக் கணக்கில வரும். இதுகளில நிரந்தரக் காட்சிக்குக் காசில்லை, 2001இல இருந்து இலவசம். தற்காலிகக் கண்காட்சி நடந்தா அதுக்கு மட்டும் டிக்கெட். ஓவியர்கள் குஸ்தாவ் மொரோ, தெலக்ரூவா வீடுகள் அரசாங்கத்தின்ர. அது ரெண்டும் செவ்வாய் பூட்டு, டிக்கெட்டும் உண்டு. விஞ்ஞானி மேரி கியூரியின்ர மியூசியம் புதன் தொடக்கம் சனி வரைக்கும், பின்னேரம் ஒரு மணியில இருந்து ஐஞ்சு மணி மட்டும்தான், அதுவும் இலவசம். மே 1 வந்தா அண்டைக்கு ஒண்டையும் நம்பிப் போகாதைங்கோ.

அடுத்தது வழி. மெட்ரோ 12ஆம் லைனை மனசில வைச்சுக்கொள்ளுங்கோ. எங்கட பக்கத்தில மார்க்ஸ் தோர்முவாவில ஏறினா, த்ரினித்தேயில இறங்கி மொரோ வீடு. அதே லைன்ல நோத்ர் தாம் தெ ஷான் இறங்கினா ஸட்கின். இன்னும் கொஞ்சம் போய் ஃபால்கியேர் இறங்கினா பூர்தெல். அடுத்த ஸ்டேசன் பாஸ்தேரில 6ஆம் லைனுக்கு மாறினா, ரயில் மேல் பாலத்தால போய் சேன் ஆற்றைக் கடந்து பாஸ்ஸியில விடும். அங்க பால்சாக் வீடு. பாலத்தில போகேக்க வலப்பக்கம் இருந்தா ஐஃபில் முழுசாத் தெரியும், அதுக்கெண்டு தனியா போகத் தேவையில்லை. ஒரு விசயம், மெட்ரோவில படி கூட, லிஃப்ட் இருக்கிற ஸ்டேசன் குறைவு. கிட்டடிப் பயணத்துக்கு அம்மாவைப் பஸ்ஸில கூட்டிக்கொண்டு போங்கோ.

நெடுஞ்சாலை:

கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். அவ்வளவு தூரம் பறந்து வந்து லூவ்ரைப் பார்க்காமல் திரும்புவது எனக்கு மனசு ஒப்பவில்லை. மோனாலிசாவை விடுங்கள். பாபிலோன் மன்னன் ஹம்முராபியின் சட்டக்கல் அங்கே நிற்கிறது. அசீரிய அரண்மனை வாசலில் நின்ற சிறகுள்ள காளைகள் நிற்கின்றன. சமோத்ராக்கியின் வெற்றித் தேவதை என்ற கிரேக்கச் சிலை, படிக்கட்டு உச்சியில் நிற்கிறாள். இந்த மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வேறு எங்கே பார்ப்பது? சின்ன வீடுகள் இனிமையானவைதான். ஆனால் அவை ஒருவரின் வாழ்க்கையைத்தான் சொல்லும்.

புதன், வெள்ளி இரண்டு நாளும் லூவ்ர் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும். புதன் சாயங்காலம் போனால் கூட்டம் குறைவு. நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிட்டால் வரிசையும் குறைவு. நான் போன சாயங்காலம் அசீரியக் காளைகளின் கூடத்தில் என்னையும் ஒரு காவலரையும் தவிர வேறு ஆளே இல்லை.

கயல்_மதுரை:

நன்றி அக்கா, அந்த 12ஆம் லைன் விஷயம் எந்தப் பட்டியலிலும் இல்லை. நெடுஞ்சாலை அண்ணா, நீங்கள் சொல்வதும் புரிகிறது. ஆனால் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்கு லூவ்ர் டிக்கெட் 2026 ஜனவரியிலிருந்து 32 யூரோ. இரண்டு பேருக்கு 64. அந்தக் கட்டிடத்துக்குள் நடக்க வேண்டிய தூரம்தான் அதைவிடப் பெரிய கவலை.

மொரோ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? பெயரே இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

மைத்துளி:

மொரோ பற்றி நான் சொல்கிறேன். பாரிஸில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

குஸ்தாவ் மொரோ 1826இல் பிறந்து 1898இல் இறந்த ஓவியர். பின்னாளில் பெயர்பெற்ற ஓவியர்கள் மத்தீஸும் ரூவோவும் அவரிடம் படித்தவர்கள். தான் இறந்த பிறகு தன் படங்கள் ஆளுக்கொன்றாகச் சிதறிவிடுமே என்ற கவலை அவருக்கு இருந்தது. அதனால் உயிரோடு இருக்கும்போதே, 1895இல், பெற்றோரோடு வாழ்ந்த வீட்டை உடைத்துக் கட்டி மேல் மாடிகளில் இரண்டு பெரிய கூடங்கள் அமைத்தார். உயிலில் வீட்டை அரசுக்கு எழுதி வைத்தார். 1903இல் மியூசியமாகத் திறந்தது. முதல் காப்பாளர் அவருடைய மாணவர் ரூவோதான்.

முதல் மாடியில் குடும்பம் வாழ்ந்த சின்ன அறைகள். சுவரே தெரியாதபடி சட்டம் போட்ட படங்கள், பீங்கான், பெற்றோரின் நினைவுப் பொருட்கள். அதற்கு மேலே ஏறினால் திடீரென்று வானம் திறந்தது மாதிரி உயரமான கூடம். தரையிலிருந்து கூரை வரை ஓவியங்கள். நடுவில் இரும்புச் சுழல் படி. அதைப் புகைப்படம் எடுக்கத்தான் பலர் வருகிறார்கள், எடுத்துவிட்டுக் கிளம்பியும் விடுகிறார்கள். அவர்கள் தவறவிடுவது சுவரோரம் இருக்கும் மர அலமாரிகளை. அவற்றைத் திறந்தால் கீல் வைத்த சட்டங்கள் வரிசையாக வெளியே வரும். ஒவ்வொன்றிலும் அவருடைய கோட்டோவியங்கள், இரண்டு பக்கமும். எதிரே உட்கார்ந்துகொண்டு பெரிய புத்தகம் புரட்டுவது போல நீங்களே திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். கிட்டத்தட்ட ஐயாயிரம் கோட்டோவியங்கள் அந்த வீட்டில் இருக்கின்றன. ஒரு முழங்கையை எப்படி மடக்குவது என்று ஒரே தாளில் அவர் பல தடவை போட்டுப் பார்த்திருப்பதை ஒரு சாண் தூரத்தில் பார்க்கலாம்.

இன்னொன்று. பல ஓவியங்கள் முடிக்கப்படாதவை. வண்ணம் பூசி முடித்த இடத்தின் மேல் மெல்லிய கறுப்புக் கோடுகளால் நகைகளும் சிலைகளும் வரைந்து, அப்படியே விட்டிருக்கிறார். பைபிளில் வரும் நடனப் பெண்ணின் படம் ஒன்றுக்கு ‘பச்சை குத்திய சலோமி’ என்று பெயரே வந்துவிட்டது. அவள் உடம்பு முழுக்க அந்தக் கோடுகள்தான்.

நம் ஊர்க்காரர்கள் தேடிப் பார்க்க வேண்டிய படம் ‘அலெக்சாண்டரின் வெற்றி’. போரஸ் மன்னனை வென்ற பிறகு அலெக்சாண்டர் உயரமான அரியணையில் உட்கார்ந்திருக்கிறான். பின்னணி முழுக்க இந்தியக் கட்டடங்கள். மொரோ இந்தியப் பக்கம் வந்ததே இல்லை. அவர் நீண்ட பயணம் போனது இளமையில் இத்தாலிக்குத்தான். பத்திரிகைப் படங்களையும் புகைப்படங்களையும் மொகலாயச் சிற்றோவியங்களையும் பார்த்து, வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு இந்தியாவைக் கட்டியிருக்கிறார். எந்தத் தூண் எந்தப் பகுதியுடையது என்று தேடிக்கொண்டே நின்றால் நேரம் போவதே தெரியாது.

அம்மாவுக்குப் படி சிரமம் என்றால் இங்கே கொஞ்சம் யோசியுங்கள். ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம், அவசரமே இல்லை.

கல்தச்சன்:

படி ஏற முடியாது என்றால் பூர்தெல் போங்கள். பெரும்பாலும் தரைத்தளமும் தோட்டமும்தான்.

நான் மாமல்லபுரத்தில் சிற்பம் படித்தவன். அதனால் எனக்குப் பட்டறைதான் முக்கியம். அந்துவான் பூர்தெல் ஒரு மரத் தச்சரின் மகன். மோந்தொபான் ஊரிலிருந்து வந்து 1885இலிருந்து கடைசி வரை இந்த இடத்தில்தான் வேலை பார்த்தார். புகழ்பெற்ற சிற்பி ரொதேனிடம் உதவிச் சிற்பியாகப் பல வருடம் கல் கொத்தியவர். குருவின் நிழலிலிருந்து வெளியே வந்தது 1909இல் செய்த ‘வில்லாளி ஹெராக்ளிஸ்’ சிலையால். ஒரு காலைப் பாறையில் ஊன்றி வில்லை இழுக்கிறான். அம்பும் இல்லை, நாணும் இல்லை. இழுக்கிற விசையை முழுக்க முதுகிலும் தொடையிலும்தான் காட்டியிருக்கிறார். பக்கவாட்டில் நின்று பார்த்துவிட்டு முதுகுப் பக்கமும் போய்ப் பாருங்கள்.

பெரிய கூடத்தில் பிளாஸ்டர் உருவங்கள், குதிரை மேல் அமர்ந்த அர்ஜென்டினா ஜெனரல் அல்வெயாரின் நினைவுச் சின்னம் உட்பட. ஊர்ச் சதுக்கத்தில் உயரத்தில் வைக்க வேண்டியதைத் தரையில் பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு அனுபவம். குதிரையின் வயிறு நம் தலைக்கு மேலே இருக்கும். களிமண்ணிலிருந்து பிளாஸ்டர், பிளாஸ்டரிலிருந்து வெண்கலம் அல்லது கல் என்று ஒரு சிலை எப்படி உருமாறுகிறது என்பதையும் அங்கேயே விளக்கியிருக்கிறார்கள். பெத்தோவன் முகத்தை அவர் வாழ்நாள் முழுக்கச் செய்துகொண்டே இருந்தார். அந்தத் தலைகளை வரிசையாகப் பார்த்தால் ஒரே முகத்தில் ஒரு மனிதன் எத்தனை விதமாகத் தோண்டியிருக்கிறான் என்று தெரியும்.

ஸட்கின் அதைவிட ரொம்பச் சின்னது, ஆனால் விட்டுவிடாதீர்கள். லக்சம்பர்க் பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு சந்துக்குள். 1928இலிருந்து 1967இல் இறக்கும் வரை அங்கேதான் இருந்தார். யூதர் என்பதால் 1941இல் நியூயார்க்குக்குத் தப்பிப் போய், போர் முடிந்த பிறகு திரும்பி வந்தவர். குண்டு விழுந்து அழிந்த நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகருக்காக அவர் செய்த ‘அழிக்கப்பட்ட நகரம்’ 1953இல் அங்கே நிறுவப்பட்டது. மார்பில் பெரிய ஓட்டையோடு கைகளை வானத்துக்குத் தூக்கிக் கதறும் மனிதன் அது. அதைச் செய்த கை மரத்தை எவ்வளவு மென்மையாகச் செதுக்கியிருக்கிறது என்பதை இந்த வீட்டில் பார்க்கலாம்.

புதுவை_செல்வம்:

யாரும் இன்னும் நிஸ்ஸிம் த கமொந்தோவைச் சொல்லவில்லையே! மொன்சோ பூங்காவின் ஓரத்தில் இருக்கும் மாளிகை. 2024 ஆகஸ்ட்டில் புதுப்பிப்பு வேலைக்காக மூடினார்கள். நீங்கள் வரும்போது நிலைமை என்ன என்று அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள். திறந்திருந்தால் மற்ற எதை வேண்டுமானாலும் குறைத்துக்கொண்டு இதற்குப் போங்கள்.

மொயிஸ் த கமொந்தோ இஸ்தான்புலில் பிறந்த யூத வங்கிக் குடும்பத்துக்காரர். 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மரச்சாமான்கள் மேல் தீராத பிரியம். அவற்றை வைப்பதற்காகவே 1911க்கும் 1914க்கும் நடுவில் இந்த வீட்டைக் கட்டினார். எல்லாம் ஒரே மகன் நிஸ்ஸிமுக்கு. அந்த மகன் 1917இல் முதல் உலகப் போரில் வான் சண்டையில் இறந்துபோனான். 1935இல் தானும் இறக்கும்போது, மகன் பெயர் வைத்து, எந்தப் பொருளையும் இடம் மாற்றக் கூடாது, இரவலும் தரக் கூடாது என்ற நிபந்தனையோடு வீட்டை நாட்டுக்கு எழுதி வைத்தார். மறு வருடம் மியூசியமாகத் திறந்தது.

சாப்பாட்டு அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதில் கண்ணாடி அலமாரி நிறைய செவ்ர் பீங்கான் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பறவை. இயற்கை ஆய்வாளர் புஃபோனின் நூலிலிருந்து எடுத்த பறவைகள். தட்டின் அடியில் அந்தப் பறவையின் பெயர் எழுதியிருக்கும். விருந்தாளி இல்லாத நாட்களில் மொயிஸ் இந்த அறையில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுவார். அந்த மேஜையைப் பார்த்துவிட்டு என்னால் சட்டென்று நகர முடியவில்லை.

மிச்சக் கதை வாசலில் ஒரு பலகையில் இருக்கிறது. அவருடைய மகள் பெயாத்ரிஸ், மருமகன், பேரன், பேத்தி நால்வரும் இரண்டாம் உலகப் போரில் நாடு கடத்தப்பட்டு ஔஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். ஒரு மகன் நாட்டுக்காக உயிர் கொடுத்த குடும்பம், தன் சொத்தையே நாட்டுக்குக் கொடுத்த குடும்பம். எதுவும் அவர்களைக் காப்பாற்றவில்லை. நெடுஞ்சாலை, சின்ன வீடுகள் ஒருவரின் வாழ்க்கையைத்தான் சொல்லும் என்றீர்கள். இந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்து சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை:

செல்வம், படித்தேன். பதில் சொல்ல வரவில்லை. அடுத்த முறை கண்டிப்பாகப் போகிறேன்.

ஆனாலும் லூவ்ர் விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. லூவ்ரைச் சேர்ந்த ஒரு சின்ன இடமும் உண்டு. சாங் ஜெர்மாங் பக்கம் ஃபூர்ஸ்தென்பெர்க் தெருவில் தெலக்ரூவா 1857இலிருந்து 1863இல் இறக்கும் வரை வாழ்ந்த வீடும் ஓவியக்கூடமும். தோட்டம் அழகு. லூவ்ர் டிக்கெட்டிலேயே அதற்கும் போய்வர இடமிருந்தது, வாங்கும்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள். சாங் சுல்பீஸ் தேவாலயத்துச் சுவரில் படம் வரைந்துகொண்டிருந்த அவர், உடம்பு முடியாத நிலையில் வேலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றே அங்கே குடிவந்தார். வீட்டைப் பார்த்துவிட்டு அந்தத் தேவாலயத்துக்கும் நடந்து போங்கள். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கத்து முதல் சிற்றாலயம், யாக்கோபு தேவதூதனோடு மல்லுக்கட்டும் படம். கட்டணம் கிடையாது.

மைத்துளி:

பால்சாக் வீட்டுக்கும் ஒரு வரி. கடன்காரர்களுக்குப் பயந்து வேறு பெயரில் 1840இலிருந்து 1847 வரை ஒளிந்து வாழ்ந்த இடம். சரிவில் கட்டிய வீடு. மேல் தெருவில் ஒரு வாசல், கீழே பெர்த்தோன் சந்துக்கு இன்னொரு வாசல். யார் வந்து கதவைத் தட்டினாலும் மறுபக்கம் நழுவிவிடலாம். அவர் எழுதிய மேஜை ஆச்சரியப்படுகிற அளவுக்குச் சின்னது. அச்சுப்பிழை திருத்த வந்த தாள்களையும் வைத்திருக்கிறார்கள். பிழை திருத்தமா அது! நாலு பக்க ஓரத்திலும் புதுப் பத்திகள், கோடு இழுத்து, கோட்டுக்கு மேல் கோடு இழுத்து. அச்சுக் கோத்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கும். எழுதுகிறவர்கள் அந்தத் தாள் ஒன்றைப் பார்ப்பதற்காகவே போகலாம்.

விக்டர் ஹியூகோ வீடு வோஜ் சதுக்கத்தில். அம்மாவுக்கு நேரமிருந்தால் மட்டும். சதுக்கமே அழகு, பெஞ்சில் உட்கார்ந்தாலே போதும்.

கயல்_மதுரை:

இவ்வளவு எழுதியதற்கு எல்லாருக்கும் நன்றி. கியூரி மியூசியத்தைப் பற்றி அம்மா கேட்கிறார்: ரேடியம் கண்டுபிடித்த இடம் அதுதானா?

புதுவை_செல்வம்:

இல்லை. 1898இல் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டுபிடித்தது பக்கத்தில் லொமோன் தெருப் பள்ளியில். பிறகு ரேடியத்தைப் பிரித்தெடுத்தது அங்கேயே ஒழுகுகிற ஒரு கொட்டகையில். அந்தக் கொட்டகை இப்போது இல்லை. மியூசியம் இருப்பது 1914இல் கட்டி முடித்த ரேடியம் நிறுவனத்தில். மேரி கியூரி 1934இல் இறக்கும் வரை வேலை பார்த்த அறையும் ஆய்வகமும் அங்கே இருக்கின்றன. மகள் இரேனும் மருமகன் ஃபிரெதெரிக் ஜோலியோவும் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்ததும் அந்த நிறுவனத்தில்தான். அதற்கு 1935இல் வேதியியல் நோபல். ஆய்வகத்தில் படிந்திருந்த கதிரியக்கத்தைச் சுத்தம் செய்துதான் மக்களுக்குத் திறந்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை.

கயல்_மதுரை:

போய் வந்துவிட்டோம்! சுருக்கமாக எழுத முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

திங்கள் மொரோ. அம்மா முதல் மாடியோடு நின்றுவிடுவார் என்று நினைத்தேன். ஒவ்வொரு தளத்திலும் உட்கார்ந்து மேல் கூடம் வரை வந்துவிட்டார். அந்த அலமாரிச் சட்டங்களை அவர் திருப்பிய வேகத்தைப் பார்த்து நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். செவ்வாய் காலை பூர்தெல், சாயங்காலம் பாலம் கடந்து பால்சாக். கமொந்தோ எங்களுக்கு அமையவில்லை.

புதன் மதியம் கியூரி. ஒரு மணிக்குக் கதவு திறந்தபோது எங்களோடு ஒரு பள்ளிக்கூடக் குழு மட்டும் இருந்தது. மேரி கியூரியின் அறை மிகச் சாதாரணமான அறை. மேஜை, புத்தக அலமாரி, தோட்டத்தைப் பார்த்த ஜன்னல். பக்கத்தில் ஆய்வகம். அம்மா அங்கே கண்ணாடிக் கலன்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிட்டார். 1930களில் விற்ற ‘தோ-ராதியா’ என்ற முகப்பூச்சு. ரேடியமும் தோரியமும் கலந்தது, அழகு கூட்டும் என்று விளம்பரம். “முப்பது வருஷம் கதிரியக்கம் பாடம் எடுத்தேன், இதை ஒரு பிள்ளைகிட்டயும் சொன்னதில்ல. இதைச் சொல்லியிருந்தா ஒரு பிள்ளையும் மறந்திருக்காது” என்றார். குறிப்புகள் ஆங்கிலத்திலும் இருந்ததால் மொழி ஒரு தடையாகவே தெரியவில்லை.

பிரான்ஸின் பெரியவர்களை அடக்கம் செய்யும் பாந்தெயோன் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். மேரி கியூரியும் கணவர் பியரும் 1995இலிருந்து அங்கேதான் இருக்கிறார்கள். மேரியின் சவப்பெட்டி ஈயத் தகடு பதித்தது என்று அம்மா சொன்னார். படி இறங்க வேண்டும் என்பதால் வெளியே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டோம்.

நெடுஞ்சாலை அண்ணா, புதன் சாயங்காலம் லூவ்ருக்கும் போனோம். அசீரியக் காளைகளையும் ஹம்முராபி கல்லையும் மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டோம். நீங்கள் சொன்னது சரிதான், அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்பதற்குக் கொடுத்த காசு தகும்.

நெடுஞ்சாலை:

மனசு நிறைந்தது அம்மணி. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வெண்ணிலா_கோவை:

இழையை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். ஏழு வயதுப் பையனோடு போகிறோம். இவற்றில் எது அவனுக்குச் சரிப்படும்?

கல்தச்சன்:

பூர்தெல். குதிரைக்கு அடியில் நிற்க விடுங்கள், கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்துவிடுங்கள். தோட்டத்திலும் சிலைகள் இருக்கின்றன, ஓடினாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். தொடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாசப்பல்_அக்கா:

கியூரிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயசு வந்தாப் பிறகு கூட்டிக்கொண்டு போங்கோ, இப்ப விளங்காது. மொரோவில அந்தச் சட்டங்களைத் திருப்ப சின்னப் பிள்ளையளுக்கு நல்ல விருப்பம், ஆனா பக்கத்தில நிண்டு மெதுவாத் திருப்பச் சொல்லுங்கோ. பள்ளிக்கூட விடுமுறைக் கிழமையில வாறியள் எண்டா காலமை திறக்கிற நேரத்துக்கே போயிடுங்கோ.